கத்தி முனையில் ஒரு பீங்கான் மணி

கத்தி என்றால் முனைதான் கூர்மையாக இருக்கும். இந்தக் கத்தியில் முனையை மட்டும் வேண்டுமென்றே மழுங்க வைத்திருக்கிறார்கள். மெல்லிய ஒரு மின்கம்பி. அதன் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் குறுக்களவில் ஒரு வெள்ளைப் பீங்கான் மணி. பீங்கானில் மின்சாரம் பாயாது. அதனால் கம்பியின் பக்கவாட்டு வெட்டும், முனை எதில் போய் முட்டினாலும் வெட்டாது. 1990களின் நடுவில் ஜப்பான் தேசியப் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்கள் ஹோசோகாவாவும் யோஷிதாவும் உருவாக்கிய இதற்கு ‘ஐ.டி. நைஃப்’ என்று பெயர். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், இரைப்பைப் புற்றை வாய் வழியாகவே முழுசாக வெட்டி எடுத்துவிடும் சிகிச்சை பெரிய அளவில் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

முனையை மழுக்க வேண்டிய அவசியம் என்ன? இரைப்பையின் சுவர் சில மில்லிமீட்டர்தான். உள்ளே இருந்து பார்த்தால் முதலில் சளிச்சவ்வு, அதன் கீழே ரத்தக் குழாய்கள் ஓடும் தளர்வான இடை அடுக்கு, அதற்கும் கீழே தசை, கடைசியாக வெளிப்படலம். புற்று பிறப்பது சளிச்சவ்வில். அதை இடை அடுக்கோடு சேர்த்து எடுத்தாக வேண்டும், தசையைத் தொடவும் கூடாது. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் இரைப்பை ஓட்டையாகிவிடும். அதற்கு முன்பிருந்த ஊசிமுனைக் கத்திகளால் இந்த வேலையைச் செய்தவர்கள் எவ்வளவு பயந்து பயந்து செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சிகிச்சை அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நோயாளி மயக்க மருந்தில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். அதன் வழியே சுண்டுவிரல் தடிமனில் எண்டோஸ்கோப் உள்ளே போகிறது. திரையில் இரைப்பையின் உட்புறம் ஈரமாக, இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. ‘கட்டி’ என்றதும் நம் மனதில் வரும் உருண்டை எதுவும் அங்கே இல்லை. லேசாகச் சிவந்த, ஓரம் கொஞ்சம் பள்ளமான ஒரு திட்டு, அவ்வளவுதான். பழகாத கண் அதைத் தாண்டிப் போய்விடும். நீலச் சாயத்தைத் தெளித்த பிறகுதான் அதன் எல்லைக்கோடு துலங்குகிறது.

அந்த எல்லையிலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் தள்ளி, சுற்றிலும் புள்ளி புள்ளியாகச் சூடு வைக்கிறார் மருத்துவர். கோலம் இதுதான், இனி இதற்கு வெளியேதான் வெட்டு. அடுத்து ஊசி. திட்டுக்குக் கீழே, இடை அடுக்கில் திரவம் ஏற்றுகிறார்கள். வெறும் உப்புநீர் என்றால் சீக்கிரம் வடிந்துவிடும். ஹயலூரோனிக் அமிலம் கலந்த கெட்டித் திரவம் நெடுநேரம் தங்கும். அதில் துளி நீலச் சாயமும், ரத்தக்கசிவைக் குறைக்க அட்ரினலினும். சளிச்சவ்வு உப்பி மேலே எழும்புகிறது. தசை கீழேயே நின்றுவிடுகிறது. இந்த இடைவெளி கிடைத்தால்தான் கத்திக்கு வேலை.

புள்ளிகளுக்கு வெளியே சுற்றிலும் வெட்டியாகிவிட்டது. இனி அடியிலிருந்து பெயர்க்க வேண்டும். சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரைக் கிழியாமல் எடுக்க நினைப்பவர் என்ன செய்வார்? மேல் நுனியைப் பெயர்த்து, அது தன் எடையில் மடிந்து தொங்கும்போது, பின்பக்கப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே இறங்குவார். இங்கும் அதேதான். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துப் புவியீர்ப்பைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வதும் உண்டு. பெயர்ந்த மடிப்புக்கு அடியில் நீல நிற நார்கள். நடுநடுவே சிவப்பாகக் குறுக்கே ஓடும் ரத்தக் குழாய்கள். தடித்த குழாய் கண்ணில் பட்டால் வெட்டுவதற்கு முன்பே இடுக்கியால் பிடித்துப் பொசுக்கிவிட வேண்டும். ரத்தம் பீய்ச்சினால் திரையே மறைந்துவிடும். அப்புறம் எதை வெட்டுகிறோம் என்று தெரியாது. ஒரு மணி நேரத்தில் முடிவதும் உண்டு, மூன்று மணி நேரம் இழுப்பதும் உண்டு.

இந்த முறைக்கு ஈ.எஸ்.டி. என்று பெயர். சளிச்சவ்வின் அடியடுக்கில் புகுந்து பிரித்தெடுப்பது என்று பொருள். ஐ.டி. நைஃபைத் தொடர்ந்து கொக்கி மாதிரி வளைந்தது, முக்கோண முனை கொண்டது, நுனியிலேயே நீர் பீய்ச்சுவது என்று கத்திகள் வரிசையாக வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜப்பானிய மருத்துவர், அவருக்கென ஒரு சீடர் கூட்டம். அந்தக் கதையில் இறங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

இரைப்பைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை 19-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு பெண்ணின் இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைச் சிறுகுடலோடு இணைத்தார். அந்தப் பெண் பிழைத்து எழுந்தார். ஆனால் நான்கு மாதங்களில் நோய் திரும்பி இறந்துபோனார். அதற்கடுத்த நூறாண்டுகள் அறுவை நிபுணர்கள் கற்றுக்கொண்ட பாடம், ‘இன்னும் அதிகமாக வெட்டு’ என்பதே. காரணம் நிணநீர் முடிச்சுகள், நம் பேச்சு வழக்கில் நெறிகள். இரைப்பையைச் சுற்றி இவை கொத்துக் கொத்தாக இருக்கின்றன. புற்றணுக்கள் முதலில் போய்க் குடியேறுவது அங்கேதான். இரைப்பையை எடுத்துவிட்டு நெறிகளை விட்டுவைத்தால் எடுத்ததே வீண். அதனால் மூன்றில் இரண்டு பங்கு இரைப்பையோ முழு இரைப்பையோ, கூடவே நெறிகளும் என்று வாரி எடுப்பது மரபானது.

அதற்கு நோயாளி கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. முழு இரைப்பையும் போனவர் நினைத்தபடி ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட முடியாது. சிறுகச் சிறுக, பல தடவை. உணவு நேராகக் குடலில் போய் விழுவதால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. எடை இறங்கும். பி12 சத்தை உடல் உறிஞ்சாது, ஆயுசுக்கும் ஊசி. உயிர் பிழைக்க வேண்டுமென்றால் இதெல்லாம் பெரிதில்லைதான். ஆனால் நகத்தளவு திட்டு ஒன்றுக்காகவும் இத்தனையும் வேண்டுமா என்ற கேள்வியை ஜப்பானியர்கள் விடவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கவே முதலில் நகத்தளவு திட்டு கண்ணில் பட வேண்டும். 1868-ல் ஜெர்மனியின் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டைக்குள் நேரான உலோகக் குழாயைச் செருகிப் பார்த்தார். குழாய் போனது, போதிய வெளிச்சம் இல்லாததால் பெரிதாக எதுவும் தெரியவில்லை. 1950-ல் டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவர் உஜி தாட்சுரோவும் ஒலிம்பஸ் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து, குழாய் நுனியில் குட்டி கேமராவும் பல்பும் வைத்து, விழுங்க வைத்துப் படமெடுத்தார்கள். நேரடியாகப் பார்க்க முடியாது. ஃபிலிமைக் கழுவினால்தான் தெரியும். 1957-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன வளையும் எண்டோஸ்கோப்பை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுச் சோதித்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று ஹாப்கின்ஸோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

ஜப்பானில் இரைப்பைப் புற்று மிக அதிகம் என்பதால் அங்கே இந்தக் கருவிகள் ஆராய்ச்சிக்கூடத்தோடு நிற்கவில்லை. 1962-ல் அந்நாட்டு எண்டோஸ்கோப்பிச் சங்கம் ‘ஆரம்பநிலை இரைப்பைப் புற்று’ என்பதை வரையறுத்தது: நெறிகளில் பரவியிருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சளிச்சவ்வையும் இடை அடுக்கையும் தாண்டாத புற்று. பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுக்கும் பரிசோதனையை வேன்களில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் இரைப்பையில் சின்னச் சின்னத் திட்டுகள் அகப்படத் தொடங்கின.

முதலில் அவற்றைச் சுருக்குக் கம்பியால் எடுத்துப் பார்த்தார்கள். 1984-ல் தாதா மசாஹிரோ குழு, திரவம் ஏற்றி உப்ப வைத்த திட்டைச் சுருக்கில் மாட்டி வெட்டியது. 1990களில் இனோவே ஹாருஹிரோ எண்டோஸ்கோப் நுனியில் ஒரு மூடியைப் பொருத்தி, திட்டை உறிஞ்சிப் பிடித்துச் சுருக்கிட்டார். இவையெல்லாம் ஈ.எம்.ஆர். வகை, இன்றும் சின்னத் திட்டுகளுக்கு உதவுகின்றன. ஆனால் சுருக்கு வளையத்துக்கு ஒரு அளவு உண்டு. 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் துண்டு துண்டாகத்தான் வரும். துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறு நிபுணர், ஓரம் சுத்தமாக இருக்கிறதா, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வார்? ஓரத்தில் மிச்சம் இருந்து மறுபடி முளைத்த கதைகளும் ஏராளம். பீங்கான் மணி வைத்த கத்தி தீர்த்தது இந்தச் சிக்கலை. 5 சென்டிமீட்டர் திட்டானாலும் ஒரே துண்டாக வெளியே வரும்.

வெட்டத் தெரிந்துவிட்டது, வெட்டலாமா என்று யார் சொல்வது? எண்டோஸ்கோப்பால் நெறிகளைத் தொட முடியாது. அவற்றை உள்ளேயே விட்டுவிட்டு ‘குணமாகிவிட்டது’ என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்ப எந்த மருத்துவருக்குத் துணிச்சல் வரும்? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உண்மையான சாதனை கத்தியில் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்து எண்ணியதில்தான் இருக்கிறது.

தகுஜி கோதோடாவும் சகாக்களும் டோக்கியோவின் இரண்டு பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளின் பழைய பதிவுகளை எடுத்தார்கள். ஆரம்பநிலைப் புற்றுக்காக இரைப்பையும் நெறிகளும் வெட்டி எடுக்கப்பட்ட 5,265 பேர். ஒவ்வொருவரின் திட்டும் எந்த அளவு, எந்த வகை, எவ்வளவு ஆழம், புண் இருந்ததா, நெறிகளில் புற்று இருந்ததா என்று கணக்கெடுத்து 2000-ல் வெளியிட்டார்கள். சளிச்சவ்வுக்குள்ளேயே நின்ற, அணுக்கள் ஓரளவு ஒழுங்காக அமைந்த வகைப் புற்று, 3 சென்டிமீட்டருக்குள் இருந்தவர்கள் 1,230 பேர். அவர்களில் நெறியில் பரவியிருந்தது ஒருவருக்குக்கூட இல்லை. அதே வகை, புண் இல்லாமல் எந்த அளவில் இருந்தாலும் சரி என்று பார்த்தால் 929 பேர். அங்கும் ஒருவர்கூட இல்லை. சுழி என்று வந்துவிட்டதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புள்ளியியல்படி உச்சபட்சம் முதல் பிரிவில் 0.3 சதவீதம், இரண்டாவதில் 0.4 சதவீதம் வரை இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள்.

இதை வேறு மாதிரியும் படிக்கலாம். அந்த 1,230 பேருக்கும் நெறிகளை எடுத்திருக்கவே வேண்டாம். அவர்கள் இழந்த இரைப்பைகள் கொடுத்த கணக்கில்தான், பின்னால் வந்தவர்களின் இரைப்பை தப்பியது.

2001-ல் ஹிரோயுகி ஓனோ குழு ‘கட்’ மருத்துவ இதழில் தங்கள் அனுபவத்தை எழுதியது. ரத்தக்கசிவு, ஓட்டை ஆகியவை சுமார் 5 சதவீதம். சிகிச்சையால் இறந்தவர் யாருமில்லை. 2006-ல் ஜப்பானின் தேசிய மருத்துவக் காப்பீடு இரைப்பை ஈ.எஸ்.டி.க்குப் பணம் தரத் தொடங்கியது. கொஞ்சம் பெரிய திட்டுகளையும் புண் உள்ளவற்றையும் இப்படி எடுக்கலாமா என்று 470 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது: ஐந்தாண்டுகள் கழித்து 97 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

வெட்டிய துண்டு வெளியே வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. சுருங்கிப்போகாமல் பலகையில் விரித்து, சுற்றிலும் குண்டூசி குத்தி, ஃபார்மலினில் போடுகிறார்கள். பிறகு 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கீற்றுக் கீற்றாக நறுக்கி நுண்ணோக்கியில். ஓரங்கள் சுத்தமா, அடி சுத்தமா, இடை அடுக்கில் அரை மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறதா, நிணநீர்க் குழாய்க்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ புற்றணு புகுந்திருக்கிறதா? இதில் ஏதாவது தவறினால் ‘அறுவை சிகிச்சையும் தேவை’ என்ற பேச்சு வரும். தவறிய எல்லோருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் ‘ஈ-க்யூரா’ என்ற முறையை 2017-ல் ஜப்பானியர்கள் வெளியிட்டார்கள். மதிப்பெண் குறைந்த பிரிவில் நெறிக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு 2.5 சதவீதம், நடுப் பிரிவில் 6.7, மேல் பிரிவில் 22.7. எண்பது வயதில் இதய நோயோடு இருக்கும் ஒரு தாத்தாவுக்கு 2.5 சதவீதத்துக்காக இரைப்பையை எடுப்பதா என்பதை இப்போது குடும்பத்தோடு உட்கார்ந்து பேச முடிகிறது. முன்பு பேச எண்ணே இல்லை.

சிக்கல்களை மறைக்கக் கூடாது. வெட்டிய இடம் பெரிய அல்சராக நிற்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சுமார் இரண்டு மாதத்தில் ஆறும். வீட்டுக்குப் போன பிறகு கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி ஆகியவை இருபதில் ஒருவருக்கு நேரலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். ஓட்டை விழுந்தாலும் பெரும்பாலும் உள்ளேயே கிளிப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

எல்லாக் கட்டியும் சளிச்சவ்வில் பிறப்பதில்லை. ‘ஜிஸ்ட்’ எனப்படும் கட்டி தசை அடுக்கில் உருவாகி, மேலே சளிச்சவ்வு முழுசாக இருக்க, உள்ளே உருண்டு திரளும். இது நெறிகளுக்குப் பரவுவது அபூர்வம், ஆகவே கட்டியை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் எடுக்கும்போது அதன் உறை உடையக் கூடாது. கொஞ்சம் தள்ளிச் சளிச்சவ்வில் வாசல் வெட்டி, இடை அடுக்கில் சுரங்கம் போட்டுக் கட்டியை அடைந்து எடுத்து, வாசலைக் கிளிப்பால் மூடும் வித்தையை ஷாங்காயின் ஜோங்ஷான் மருத்துவமனை பிரபலமாக்கியது. அதற்கு விதை, உணவுக்குழாய்த் தசை இறுக்கத்துக்காக இனோவே 2008-ல் செய்த ‘போயம்’ சிகிச்சை. இந்தியாவில் ஹைதராபாத்தின் ஏ.ஐ.ஜி. போன்ற மையங்கள் சுரங்க எண்டோஸ்கோப்பியில் பெயர் வாங்கியது இந்த போயம் வழியாகத்தான்.

ஆக, நம் மருத்துவர்களுக்குக் கை வராமல் இல்லை, கருவியும் இருக்கிறது. வெட்டுவதற்கு ஆரம்பநிலைப் புற்றுதான் அகப்படுவதில்லை.

சென்னையில் அடையாறு புற்றுநோய் மையத்தின் பதிவேடு 1980களின் தொடக்கத்திலிருந்தே சொல்லிவரும் செய்தி, ஆண்களுக்கு வரும் முக்கியப் புற்றுகளில் இரைப்பைப் புற்று ஒன்று என்பது. நாட்டிலேயே அதிகம் மிசோரமில். உலக அளவில் 2022-ல் புதிதாக 9.7 லட்சம் பேருக்கு வந்தது, 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். தென்கொரியாவில் 40 வயதை எட்டிய எல்லோருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அரசே பரிசோதிக்கிறது. ஜப்பானில் 2016 முதல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் எண்டோஸ்கோப்பி செய்யலாம். இந்தியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நோய் விகிதம் அந்த நாடுகளைவிட மிகவும் குறைவு, எல்லோருக்கும் குழாய் விடுவது நியாயமான செலவாகாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் தொந்தரவோடு வருகிறவர்களுக்கே இங்கு தாமதமாகிறது. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு. ‘கேஸ் டிரபிள்’ என்று அவரே முடிவு செய்கிறார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே மாத்திரை கிடைக்கிறது. சாப்பிட்டால் கேட்கவும் செய்கிறது. அமிலம் குறைந்தால் புற்றின் மேல் உள்ள புண்ணும் தற்காலிகமாக ஆறிக் காட்டும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம். எடை குறைந்து, ரத்தசோகையோடு, சாப்பிட்டது வாந்தியாக வரும்போது குழாய் விட்டுப் பார்த்தால் புற்று தசையைத் தாண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் எந்தப் பீங்கான் மணிக்கும் வேலையில்லை.

அதனால் 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணத்தை மாத்திரையால் மூடாமல் ஒருமுறை குழாய் விட்டுப் பாருங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்று இருந்திருந்தால் இன்னும் முன்பே. அப்போதே ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று சோதித்துவிடலாம். மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005 நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த அந்தக் கிருமி, இரைப்பைப் புற்றின் முதல் காரணி. ஈ.எஸ்.டி. முடிந்தவர்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் புற்று விளைந்த அதே இரைப்பைதான் உள்ளே இருக்கிறது. 544 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து மூன்றாண்டுகள் கவனித்த ஜப்பானிய ஆய்வில், கிருமியை ஒழித்தவர்களில் 9 பேருக்கும் ஒழிக்காதவர்களில் 24 பேருக்கும் வேறு இடத்தில் புதிதாகப் புற்று வந்தது. கிருமிக்கு மருந்து பெரும்பாலும் இரண்டு வாரம். ஆண்டுக்கொரு எண்டோஸ்கோப்பி ஆயுசுக்கும்.

பார்க்கிறவர் எப்படிப் பார்க்கிறார் என்பதும் இருக்கிறது. ஜப்பானின் கென்ஷி யாவோ, இரைப்பையின் எந்த மூலையும் விட்டுப்போகாதபடி வரிசையாக 22 படங்கள் எடுக்கும் முறையை வகுத்தார். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பரிசோதனைக்குச் சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மருத்துவர்கள், அதற்குக் குறைவாக எடுத்துக்கொண்டவர்களைப் போல இரண்டு மடங்கு ஆபத்தான திட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். நுரையையும் சளியையும் கழுவி, காற்றால் மடிப்புகளை விரித்து, சந்தேகம் வந்த இடத்தில் சாயம் தெளித்துப் பார்க்க அந்த நேரம் தேவை. காலையில் ஒரே அறையில் முப்பது பேருக்குக் குழாய் விட வேண்டிய மருத்துவரிடம் அது இருக்காது. இன்னொரு கருவி வாங்குவதைவிட அந்த அறைக்கு இன்னொரு மருத்துவரைப் போடுவதுதான் நம் ஊரில் முதலில் செய்ய வேண்டியது.